நிறைமையக் கணக்கு: எந்த வழியில் போடுவது?

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு நிறைமையம் (ஒரு பொருளின் மொத்த நிறையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) வரும் நேரம் கொஞ்சம் சங்கடமானது. இயற்பியலில் முதல் தொகுதியிலேயே அது வந்துவிடுகிறது. கணக்குப் பாடத்தில் தொகை நுண்கணிதம் இரண்டாம் தொகுதியில், ஆண்டின் பிற்பகுதியில்தான் வருகிறது. தொகையிடல் கைக்குப் பழகும் முன்பே, "தொகையிட்டால்தான் நிறைமையம் கிடைக்கும்" என்ற எண்ணம் மனதில் ஊன்றிவிடுகிறது. இன்னொரு பக்கம், நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் சூத்திரப் பட்டியலை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இல்லாத வடிவம் வந்தால் கை நின்றுவிடுகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே நல்ல வழிகள் பல இருக்கின்றன. எந்தக் கணக்குக்கு எந்த வழி லாபம் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேனாவை எடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்தப் பொருளில் எந்தெந்தத் துண்டின் மையம் எனக்கு ஏற்கெனவே தெரியும்?" எல்லாத் துண்டும் தெரிந்தவை என்றால் தொகையிடல் தேவையே இல்லை. நாம் தொகையிட்டுத் தீர்க்கும் பல கணக்குகள் இந்த வகைதான்.

ஒரே தட்டு, நான்கு வழிகள்

எல்லோருக்கும் பழகிய கணக்கையே எடுத்துக்கொள்வோம். 12 செ.மீ. ஆரமுள்ள சீரான வட்டத்தட்டு. அதிலிருந்து 6 செ.மீ. ஆரமுள்ள சிறு வட்டம் ஒன்றை, பெரிய வட்டத்தின் விளிம்பை உட்புறமாகத் தொடும்படி வெட்டி எடுத்துவிட்டார்கள். மீதித் தட்டின் நிறைமையம் எங்கே?

எந்த வழியில் போனாலும் முதல் வேலை சமச்சீரைப் பார்ப்பது. இரு வட்ட மையங்களையும் இணைக்கும் கோட்டுக்கு மேலும் கீழும் தட்டு ஒரே மாதிரி இருக்கிறது. ஆகவே நிறைமையம் அந்தக் கோட்டில்தான் இருக்கும். இரண்டு ஆயத்தொலைவுகளில் ஒன்று ஒரு வரிகூட எழுதாமல் முடிந்துவிட்டது. நிறையப் பேர் இதைச் செய்யாமல், பூஜ்யம் என்று வரப்போகும் விடைக்காக அரைப்பக்கம் எழுதுகிறார்கள்.

முதல் வழி நேரடித் தொகையிடல். பெரிய வட்டத்தின் மையத்தை ஆதிப்புள்ளியாக வைத்துத் தட்டை மெல்லிய செங்குத்துக் கீற்றுகளாக நறுக்க வேண்டும். ஓட்டை இல்லாத பாதியில் கீற்றின் நீளம் பெரிய வட்டத்தின் நாண். ஓட்டை இருக்கும் பாதியில் அதிலிருந்து சிறிய வட்டத்தின் நாணைக் கழிக்க வேண்டும். இரண்டு நாணிலும் வர்க்கமூலம் வரும். தேர்வு அறையில் இது வேண்டாத வேலை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து ஒருமுறையாவது இதைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். தொகையை எழுதி முடித்ததும் அது தானாகவே இரண்டாகப் பிரியும். முழுத் தட்டின் தொகை ஒன்று, ஓட்டையின் தொகை ஒன்று, நடுவில் கழித்தல் குறி. முழுத் தட்டின் தொகை சமச்சீரால் பூஜ்யம். மிஞ்சுவது ஓட்டையின் தொகை மட்டும், அதுவும் கழித்தல் குறியோடு. கீழே மூன்றாவதாக வரும் எதிர்நிறை வழிக்கு நிரூபணமே இதுதான். இதை ஒருமுறை தன் கையால் பார்த்த மாணவருக்கு "நிறை எப்படி சார் மைனஸில் வரும்?" என்ற சந்தேகம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது வழியும் தொகையிடல்தான், ஆனால் ஆதிப்புள்ளி இடம் மாறுகிறது. இரு வட்டங்களும் தொட்டுக்கொள்ளும் புள்ளியை ஆதியாக வைத்துத் துருவ ஆயத்தொலைவில் எழுதினால், பெரிய வட்டம் 24 காஸ் தீட்டா, சிறிய வட்டம் 12 காஸ் தீட்டா. வர்க்கமூலம் காணாமல் போய்விட்டது. காஸின் நான்காம் அடுக்கைத் தொகையிட்டால் போதும். விடை தொடுபுள்ளியிலிருந்து 14 செ.மீ. பெரிய வட்டத்தின் மையம் 12 செ.மீ. தள்ளி இருப்பதால், அதைத் தாண்டி 2 செ.மீ. பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்கு இது அருமையான பயிற்சி. பள்ளி மாணவருக்கு அவசியமில்லை.

மூன்றாவது எதிர்நிறை வழி. ஓட்டையை ஓட்டையாகப் பார்க்காமல், முழுத் தட்டோடு சேர்த்து வைத்த கழித்தல் குறி நிறையாகப் பார்ப்பது. பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பாதி ஆரமுள்ள ஓட்டையின் நிறை முழுத் தட்டில் கால் பங்கு. முழுத் தட்டை 4 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 பங்கு பூஜ்யத்தில் இருக்கிறது, −1 பங்கு 6 செ.மீ.-இல் இருக்கிறது. நிறையையும் தூரத்தையும் பெருக்கிக் கூட்டினால் மேலே −6, மொத்த நிறை கீழே 3. விடை −2 செ.மீ. ஓட்டைக்கு எதிர்ப்பக்கம் என்பதைக் குறியே சொல்லிவிடுகிறது.

நான்காவது திரும்ப ஒட்டும் வழி. வெட்டிய துண்டை அதே இடத்தில் வைத்தால் நிறைமையம் பெரிய வட்டத்தின் மையத்துக்கே திரும்பியாக வேண்டும். அப்படியென்றால் 3 பங்கு நிறையுள்ள மீதியும் 1 பங்கு நிறையுள்ள துண்டும் அந்த மையத்தின் இருபுறமும் சமநிலையில் இருக்கின்றன. துண்டு 6 செ.மீ. தள்ளி இருக்கிறது. மூன்று மடங்கு கனமான மீதி மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், எதிர்ப்பக்கம் இருக்கும். அதாவது 2 செ.மீ. குறியும் இல்லை, பின்னமும் இல்லை.

நீட் தேர்வில் 180 கேள்விக்கு 180 நிமிடம். சராசரியாக ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். அங்கே முதல் இரண்டு வழிகளுக்கு இடமே கிடையாது. மூன்றாவதா, நான்காவதா என்பதுதான் கேள்வி.

ஒரே ஒரு ஓட்டை என்றால் நான்காவதுக்கே என் ஓட்டு. இந்தக் கணக்கில் மாணவர்கள் அதிகம் தவறும் இடம் வகுக்கும் எண். எதிர்நிறை வழியில் மேலே சரியாக −6 போட்டுவிட்டு, கீழே மீதி நிறையான 3-க்குப் பதில் முழு நிறையான 4-ஆல் வகுத்துவிடுவார்கள். 1.5 செ.மீ. என்று வரும். கேள்வி தயாரிப்பவருக்கு இது தெரியும், தெரிவுகளில் அதையும் வைத்திருப்பார். திரும்ப ஒட்டும் வழியில் இந்தத் தவறு நேர வாய்ப்பு குறைவு. மீதி, துண்டு என்ற இரண்டு பொருள்கள் மட்டுமே அங்கே கண்ணில் படுகின்றன.

ஆனால் நான்காவது வழி சீக்கிரமே எல்லையைத் தொட்டுவிடும். சதுரத் தகட்டில் இரண்டு மூலைகளை வெட்டி, நடுவிலும் ஒரு துளை போட்டால் திரும்ப ஒட்டுவது குழப்பமாகிவிடும். எதிர்நிறை வழி அப்போதும் அலட்டிக்கொள்ளாது. நிறை, கிடைத்தூரம், செங்குத்துத்தூரம் என்று ஒரு சிறு அட்டவணை போட்டு, துளைகளுக்கு எல்லாம் கழித்தல் குறி வைத்துக் கூட்டிவிடலாம். இன்னொரு வகைக் கேள்வியும் உண்டு: அதே தட்டின் ஓட்டையை மூன்று மடங்கு அடர்த்தியுள்ள உலோகத்தால் நிரப்பினால்? முழுத் தட்டு 4 பங்கு, கூடுதலாகச் சேர்ந்தது 2 பங்கு, அது 6 செ.மீ.-இல். 12-ஐ 6-ஆல் வகுத்தால் 2 செ.மீ., இந்த முறை ஓட்டை இருந்த பக்கமாக. வெட்டினாலும் நிரப்பினாலும் கணக்கின் உருவம் ஒன்றே. அதனால் ஒரு வழியை மட்டும்தான் நன்றாகப் பழக நேரமிருக்கிறது என்பவருக்கு நான் எதிர்நிறையைத்தான் சொல்வேன்.

பங்கு போடும்போது ஒரு எச்சரிக்கை. தட்டில் பாதி ஆரம் என்றால் கால் பங்கு நிறை. திண்மக் கோளத்தில் அதே பாதி ஆரக் குழி எட்டில் ஒரு பங்கு. மீதி 7, துண்டு 1. 12 செ.மீ. ஆரமுள்ள கோளத்தில் நிறைமையம் 6/7 செ.மீ. மட்டுமே நகரும். தட்டின் விடையைக் கோளத்துக்கும் எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு.

இந்தத் தட்டை விட்டு நகரும் முன் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள், விளிம்பைத் தொட்டபடியே. ஒரு கட்டத்தில் நிறைமையம் சரியாக ஓட்டையின் விளிம்பில் வந்து நிற்கும். எந்த ஆரத்தில்? எதிர்நிறை வழியில் போட்டால் ஓர் இருபடிச் சமன்பாடு வரும். அதன் தீர்வு 0.618, அதாவது பொன்விகிதமான 1.618-இன் தலைகீழ். ஓட்டையின் ஆரம் பெரிய ஆரத்தில் 0.618 மடங்கைத் தாண்டினால் நிறைமையம் பொருளே இல்லாத வெற்றிடத்தில் விழும். வட்டத்தில் வட்டம் வெட்டும் சாதாரணக் கணக்குக்குள் இது ஒளிந்திருப்பது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

விடையைச் சரிபார்க்க அட்டையும் கத்தரிக்கோலும் போதும். வெட்டிய அட்டையின் ஓரத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி, தாராளமாக ஆடும்படி தொங்கவிட்டு, அதே ஊசியில் சிறு கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டுக் கோடு போடுங்கள். வேறோர் இடத்தில் குத்தி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்துக்கும் பழைய மையத்துக்கும் நடுவே அளந்தால் 2 செ.மீ.-ஐ ஒட்டி வரும். அட்டை கனமாகவும் மடிப்பில்லாமலும் இருக்க வேண்டும்.

துண்டின் மையமே தெரியாதபோது

அரைவட்டக் கம்பி, அரைவட்டத் தகடு, அரைக்கோளம், கூம்பு. இவற்றை எத்தனை துண்டாக வெட்டினாலும் முழு வட்டமோ செவ்வகமோ கிடைக்காது. இங்கே மூன்று தேர்வுகள் இருக்கின்றன: தொகையிடுவது, பாப்பஸ் தேற்றம், தெரிந்த வடிவத்திலிருந்து தெரியாததைக் கட்டுவது.

அரைவட்டக் கம்பிக்குத் தொகையிடல்தான் சுத்தமான வழி. கோணத்தை மாறியாக எடுத்தால் சைன் தீட்டாவைப் பூஜ்யம் முதல் 180 பாகை வரை தொகையிடுவதோடு வேலை முடிகிறது. விடை: விட்டத்தைப் பையால் வகுத்தால் வருவது, அதாவது ஆரத்தில் சுமார் 0.637 மடங்கு. பள்ளித் தேர்வில் "நிறுவுக" என்று கேட்டால் இதைத்தான் எழுத வேண்டும், படிப்படியாக.

பாப்பஸ் கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கணித அறிஞர். தளத்தில் இருக்கும் ஓர் உருவத்தை, அதை வெட்டாத ஓர் அச்சைச் சுற்றி முழுச் சுற்றுச் சுழற்றினால் உண்டாகும் கன அளவு, உருவத்தின் பரப்பை அதன் மையம் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் கிடைக்கும் என்பது அவர் பெயரில் வழங்கும் தேற்றம். 17-ஆம் நூற்றாண்டில் இதை மீண்டும் வெளியிட்ட குல்தின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அரைவட்டத் தகட்டை விட்டத்தைச் சுற்றிச் சுழற்றினால் கோளம். கோளத்தின் கன அளவு தெரியும், அரைவட்டத்தின் பரப்பும் தெரியும். வகுத்தால் மையம் வந்துவிடும்: ஆரத்தில் சுமார் 0.424 மடங்கு. இரண்டே வரி. கம்பிக்கும் இப்படியே, கன அளவுக்குப் பதில் கோளத்தின் மேற்பரப்பை எடுத்துக்கொண்டால் போதும். இதன் குறை என்னவென்றால், சுழற்றி வரும் பொருளின் கன அளவு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அடர்த்தியும் சீராக இருக்க வேண்டும். அரைக்கோளம் போன்ற திண்மங்களுக்கு இது கைகொடுக்காது. ஜே.இ.இ. எழுதுகிறவர் விடை சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். முதன்மை வழியாக இதை நம்ப வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. அரைவட்டத் தகட்டை, மையத்திலிருந்து விரியும் மெல்லிய முக்கோணங்களாக நறுக்குங்கள். முக்கோணத்தின் மையம் உச்சியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கும். இதை ஆர்க்கிமிடீஸே நிறுவிவிட்டார். ஆகவே ஒவ்வொரு துண்டின் நிறையும் ஆரத்தின் மூன்றில் இரண்டு பங்கில் உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அது மூன்றில் இரண்டு பங்கு ஆரமுள்ள அரைவட்டக் கம்பி! கம்பியின் விடையை மூன்றில் இரண்டால் பெருக்கினால் தகட்டின் விடை. 0.637-இல் மூன்றில் இரண்டு 0.424. பாப்பஸ் கொடுத்த அதே எண்.

அரைக்கோளத்துக்கும் இதையே செய்யலாம். திண்ம அரைக்கோளத்தை மையத்தில் உச்சி வைத்த மெல்லிய கூம்புகளாக நறுக்கினால், ஒவ்வொன்றின் மையமும் உச்சியிலிருந்து நான்கில் மூன்று பங்கில் இருக்கும். எல்லாம் சேர்ந்து நான்கில் மூன்று பங்கு ஆரமுள்ள உள்ளீடற்ற அரைக்கோளம். உள்ளீடற்ற அரைக்கோளத்தின் மையமோ பாதி உயரத்தில். சம உயரத்தில் வெட்டிய கோள வளையங்களின் மேற்பரப்பு சமம் என்பதால் (இதற்கும் அடி ஆர்க்கிமிடீஸ்தான்) நிறை உயரத்தில் சீராகப் பரவியிருக்கிறது. பாதியை முக்காலால் பெருக்கினால் எட்டில் மூன்று. பட்டியலில் மனப்பாடம் செய்த 3/8 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது அல்லவா? உள்ளீடற்ற அரைக்கோளத்துக்கு 1/2, திண்மத்துக்கு 3/8, எது எதற்கு என்ற குழப்பமும் இனி வராது.

மனப்பாடத்தை நான் குறை சொல்லவில்லை. தேர்வுக்கு அந்த எண்கள் நாக்கின் நுனியில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது கட்டிப் பார்த்துவிட்டு மனப்பாடம் செய்தால், மறந்துபோன எண்ணைத் தேர்வு அறையிலேயே மீட்டுக்கொள்ளலாம்.

அடர்த்தி மாறும் தண்டு

தண்டின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுகிறது என்றால் தொகையிடல் கட்டாயம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். அடுக்குக்குறிச் சார்போ சைனோ வந்தால் வேறு வழியில்லை. ஆனால் தேர்வுகளில் அதிகம் வருவது நேர்கோட்டு மாற்றம்: ஒரு முனையில் ஒரு மதிப்பு, மறுமுனையில் அதைப்போல் இரண்டு மடங்கு. இதை இரண்டு தண்டாகப் பிரித்துவிடலாம். ஒன்று சீரானது, 2 பங்கு நிறை, மையம் பாதி நீளத்தில். மற்றது பூஜ்யத்திலிருந்து சீராக ஏறுவது, 1 பங்கு நிறை. அது ஒரு முக்கோணம்தான், மையம் மூன்றில் இரண்டு நீளத்தில். 2 பங்கு 1/2-இல், 1 பங்கு 2/3-இல். கூட்டி மூன்றால் வகுத்தால், அடர்த்தி குறைந்த முனையிலிருந்து நீளத்தில் 5/9. தொகையிட்டால் இதே விடைக்கு நான்கைந்து வரிகள் வேண்டும். அடர்த்தி தூரத்தின் வர்க்கத்தோடு ஏறினால் அது கூம்பு, மையம் நான்கில் மூன்றில்.

ஆதிப்புள்ளியை எங்கே வைப்பது என்பதும் ஒரு தேர்வுதான், அதிகம் யோசிக்காமல் விட்டுவிடுகிறோம். கனமான பொருளின் மேல் வையுங்கள். நீர் மூலக்கூறில் ஆக்சிஜனை ஆதியாக வைத்தால் 16 என்ற எண் மேலே வரவே வராது. இரண்டு ஹைட்ரஜனை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். பூமி, நிலா இரண்டுக்கும் பொதுவான நிறைமையத்தைக் காண பூமியின் மையத்தை ஆதியாக வைத்தால், இரண்டுக்கும் இடையேயுள்ள 3,84,400 கி.மீ.-ஐ 82.3-ஆல் (நிலாவின் நிறை 1 என்றால் இரண்டின் மொத்த நிறை) வகுப்பதோடு வேலை முடிந்தது. சுமார் 4,670 கி.மீ. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்பதால் அந்தப் புள்ளி பூமிக்கு உள்ளேயே இருக்கிறது.

பொருள்கள் நகரும்போது

படகில் ஆள் நடக்கும் கணக்கில் தேர்வு வேறு மாதிரி: உந்த அழிவின்மையா, நிறைமையம் நகராது என்பதா? அடிப்படையில் இரண்டும் ஒரே விதி. ஆனால் கேட்பது தூரம் என்றால் நிறைமைய வழி நேராகப் போகும். 140 கி.கி. படகில் 60 கி.கி. ஆள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 5 மீ. நடக்கிறார், நீரின் தடை இல்லை. படகு பின்னுக்கு நகரும் தூரம் 60 பெருக்கல் 5, வகுத்தல் 200. ஒன்றரை மீட்டர். வேகம் எவ்வளவு, நின்று நின்று நடந்தாரா என்ற தகவல் எதுவும் தேவையில்லை. உந்த வழியில் போனால் இரண்டு வேகங்களை எழுதி, நேரத்தோடு பெருக்கி, கடைசியில் இதே வரிக்குத்தான் வர வேண்டும். கரையிலிருந்து பார்த்தால் ஆள் நகர்ந்தது மூன்றரை மீட்டர்தான் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம். 5 மீ. என்பது படகைப் பொறுத்த தூரம்.

வானில் வெடிக்கும் குண்டுக்கும் இதுவே. 200 மீ. தூரத்தில் விழ வேண்டிய குண்டு உச்சியில் கிடையாக வெடித்து இரண்டு சம துண்டாகிறது, ஒரு துண்டு நேர் கீழே 100 மீ.-இல் விழுகிறது. நிறைமையம் 200-இல் விழுந்தாக வேண்டும் என்பதால் மற்றது 300 மீ.-இல். மனக்கணக்கு. ஆனால் இரண்டு துண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுவதால்தான் இது செல்லும். மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ வெடித்து ஒரு துண்டு முன்னதாக விழுந்துவிட்டால், தரையின் விசை உள்ளே வந்துவிடும். அப்போது ஒவ்வொரு துண்டின் திசைவேகத்தையும் உந்த அழிவின்மையிலிருந்து தனித்தனியாக எடுத்து, தனித்தனிப் பறப்பு நேரத்தோடு கணக்கிட வேண்டும்.

வெடிப்பில் எவ்வளவு ஆற்றல் வெளிப்பட்டது என்று கேட்டாலும் நிறைமையத்தை விட்டுவிட்டுத் திசைவேகத்துக்குத்தான் போக வேண்டும். மேலே சொன்ன குண்டில் ஒரு பாதி கிடைத்திசையில் நின்றுவிட, மறுபாதி இரு மடங்கு வேகத்தில் போகிறது. பாதி நிறை, நான்கு மடங்கு வேக வர்க்கம். உச்சியில் இருந்த இயக்க ஆற்றல் இரண்டு மடங்காகிவிட்டது. நிறைமையமோ ஒன்றும் நடக்காததுபோல் அதே பரவளையத்தில் போய்க்கொண்டிருக்கிறது. இந்த இரட்டிப்பு அதன் பாதையைப் பார்த்தால் தெரியாது.